நான் வெளிக்கிட்ட கதை

கணினியில் எழுதுவதற்கு ஒரு மென்பொருள். விலை இல்லை, முதலாளி இல்லை. சும்மா இருக்க முடியாத சனம் உலகம் முழுக்க இருந்து சேர்ந்து செய்கிறது. அதன் பொத்தான்களுக்குத் தமிழில் பெயர் வைப்பது எங்கள் கூட்டத்தின் வேலை. நாங்கள் கூடுவது இணையத்தில் ஓர் அரட்டைச் சனலில். அங்கே யாருக்கும் முகம் கிடையாது, ஒரு சின்னப் படம் மட்டும்தான். ஒருங்கிணைப்பாளர் கோயம்புத்தூர்த் தம்பிக்குப் பூனை. எனக்கு முருங்கைக்காய். உடம்புவாகு ஒத்துப்போகிறது என்று வைத்தேன்.

சொற்களுக்குச் சம்மதம் சொல்லும் அனுமதி என்னிடம்தான் இருந்தது. சனலில் அதைச் சாவி என்போம். நான் ஓம் என்றால்தான் ஒரு சொல் உள்ளே போகும். மத்தியானம் என்ன கறி என்பதில்கூட எனக்குக் கிடைக்காத அதிகாரம் அது. அதனால் அதைக் கொஞ்சம் கூடுதலாகவே பாவித்தேன்.

அன்றைய சண்டை, திறந்திருக்கும் கோப்பொன்றை மூடும் பொத்தானைப் பற்றியது. நான் 'பூட்டு' என்றேன். யாழ்ப்பாணத்தில் நாங்கள் கடையைப் பூட்டுவோம், பள்ளிக்கூடத்தைப் பூட்டுவோம், யன்னலையும் பூட்டுவோம்.

"அண்ணா, பூட்டுன்னா சாவி போட்டுப் பூட்டுறதுங்க. மக்கள் பயந்துருவாங்க. மூடுன்னே போட்டுடலாமே?" என்று பூனை எழுதியது.

"கோப்பு என்ன புளிக்குழம்பே, மூடி வைக்க?" என்று நான் எழுதினேன்.

லண்டனில் இருக்கும் அச்சுவேலி அண்ணை ஒருவர் இடையில் வந்தார். "எனக்கும் மூடுதான் வடிவாக் கிடக்கு." ஊர்க்காரரே காலை வாரினால் என்ன செய்வது? சாவி என் கையில் இருக்கிறது என்ற ஒரே தைரியத்தில் நின்றேன். அன்று பின்னேரம், பொழுதுபடுவதற்குள் புதிய பதிப்பு பூட்டப்பட வேண்டும். மன்னிக்கவும், மூடப்பட வேண்டும். அதற்குள் முடிவு இல்லையென்றால் அந்தப் பொத்தானில் ஆங்கிலமே நிற்கும்.

அந்த நேரம் பார்த்து மனைவி சீலையோடு வந்து வாசலில் நின்றாள்.

"தெல்லிப்பழைக் கலியாணத்துக்கு இன்னும் வெளிக்கிடேல்லையே? அங்கை தாலியும் கட்டி முடியப்போகுது. உந்தக் கொம்பியூட்டரைப் பூட்டிப்போட்டு எழும்புங்கோ!"

பூட்டி என்றுதான் அவளும் சொன்னாள். சான்றாகச் சனலில் போட ஆசை, நேரமில்லை. அவசரமாகத் தட்டினேன்: "சரி, நான் வெளிக்கிடுறன். பேந்து பாப்பம்."

வெளிக்கிடுவது என்றால் எங்களுக்கு முகம் கழுவி, உடுத்து, பவுடர் பூசிப் புறப்படுவது. பேந்து என்றால் பிறகு. இரண்டிலும் ஒரு துளி கோபமும் இல்லை.

"அண்ணா, கோவத்துல சொல்லலையே? நிஜமாவே முடிவு பண்ணிட்டீங்களா?" என்று பூனை கேட்டது.

ஒரு கையில் வேட்டி, மறு கையில் தொலைபேசி. "ஓம். மனிசி இனி விடமாட்டா" என்று அனுப்பிவிட்டு மோட்டார்சைக்கிளை எடுத்தேன்.

கலியாண மண்டபத்தில் பந்திக்கு இருக்கும்போது திறந்து பார்த்தேன். "அண்ணனோட இடத்தை யாராலயும் நிரப்ப முடியாது." "அவரோட பிடிவாதம்தான் நம்ம தமிழைக் காப்பாத்துச்சு." "குடும்பம்தான் முக்கியம், புரியுது." இப்படியான வரிகளை நான் பார்த்தது மதிலில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலிகளில்தான். நான் அணியை விட்டே வெளியேறுவதாகச் சனம் விளங்கிக்கொண்டிருந்தது.

ஒரு வரி எழுதியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். எழுதவில்லை. இன்னும் சிலர் எழுதிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது. என்னதான் சொல்லப்போகிறார்கள் என்று பார்ப்போமே என்றிருந்தேன். புகழ்ச்சி பாதியில் நின்றுவிட்டால் அவர்களுக்கும் கஷ்டம்தானே. மனைவிக்கும் காட்டினேன்.

அவள் வாசித்துவிட்டு, "செத்த வீட்டிலையும் உவ்வளவு பொய் சொல்லமாட்டினம்" என்றாள்.

பாயாசம் வரும்போது லண்டன் அண்ணை எழுதினார்: "எல்லாருக்கும் கவலைதான். ஆனால் வேலை நிக்கக்கூடாது. வேறை ஆள் இல்லாட்டி நான் பொறுப்பெடுக்கிறன்."

நான் பாயாசத்தை வாயில் வைப்பதற்குள் பூனை சாவியைக் கொடுத்துவிட்டது. மூடு கிட்டத்தட்ட உள்ளே போய்விட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இலையை விட்டு எழும்பி, ஒட்டுகிற விரலோடு எழுதினேன்: "தம்பி, நான் விலகேல்லை! வெளிக்கிடுறது எண்டால் உடுத்துக்கொண்டு புறப்படுறது. கலியாண வீட்டிலை நிக்கிறன்!"

பூனை, "அப்போ நான் அழுதது?" என்றது.

"அது கிடக்கட்டும். சாவி?"

பூனை லண்டன் பக்கம் திரும்பியது. "அண்ணா, நீங்களும் யாழ்ப்பாணம்தானே? உங்களுக்குக்கூடவா புரியலை?"

"நான் இஞ்சை வந்து கனகாலம் தம்பி. கன சொல்லு மறந்துபோச்சு."

பள்ளிக்கூட நாளில் காலை தவறாமல் தாய் கத்தியிருக்கக்கூடிய சொல் அது. கனகாலமும் கன சொல்லும் நினைவிருக்கிறவருக்கு வெளிக்கிடுவது மட்டும் மறந்துபோச்சாம். அவரைக் குறை சொல்லமாட்டேன். அந்த இடத்தில் நானும் அதையேதான் செய்திருப்பேன், ஆனால் இவ்வளவு துப்புரவாக வந்திருக்காது.

பூனை நீதியான பூனை. "ரெண்டு பேருமே சாவி வச்சுக்கங்க. ரெண்டு பேரும் சம்மதிச்சாத்தான் ஒரு சொல்லு உள்ள போகும்" என்று தீர்ப்புச் சொன்னது.

அதன் பிறகு பொம்பிளை மாப்பிளையோடு படம் எடுக்கச் சனம் வரிசையில் நின்றது. நான் மண்டபத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தாங்கியோடு சாய்ந்து நின்று 'பூட்டு' என்று எழுதினேன். லண்டனிலிருந்து 'மூடு' வந்தது. பூட்டு. மூடு. பூட்டு. மூடு. மனைவி தனியப் போய்ப் படத்துக்கு நின்றுவிட்டு வந்தாள். பின்னேரமும் வந்தது, பதிப்பும் வெளியானது.

இப்போது அந்த மென்பொருளைத் திறந்தால் திற, சேமி, அச்சிடு என்று எல்லாம் நல்ல தமிழ். நடுவில் ஒன்று மட்டும் 'குளோஸ்' என்று ஆங்கிலத்திலேயே நிற்கிறது. புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை, "இது மட்டும் ஏன் இப்படி?" என்று சனலில் கேட்டது.

பூனை பதில் எழுதியது: "அந்தப் பொத்தானை யாழ்ப்பாணத்துக்காரங்க ரெண்டு பேர் பார்த்துக்குறாங்க."