தலையில் வைத்த கை

எங்கள் தையல் கடையில் அவளைக் காஜாக்காரி என்றுதான் கூப்பிடுவோம். நான் மிஷினில் சட்டையைத் தைத்துத் தள்ளினால், அவள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து காஜா எடுத்துப் பட்டன் வைப்பாள். கை பாட்டுக்கு வேலை செய்யும். வாய் மட்டும் செத்துப்போன ஒருத்தியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும்.

அந்த ஒருத்தி, அவள் வீட்டுக்காரரின் முதல் பெண்டாட்டி. காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவள். பூட்டு ரிப்பேர் கடை வைத்திருக்கும் அந்த மனுஷன் ஒரு காலத்தில் சிகரெட்டாக ஊதித் தள்ளுவாராம். மூத்தவள் கண்ணைக் கசக்கியதும், இனித் தொட மாட்டேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாராம். அதோடு சரி, இன்றுவரை கிடையாது. மாமியார் இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, இவளுடைய எரிகிற வயிற்றில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"செத்தும் அவ பேச்சைத்தான் கேக்குறாருடி. அவ தலைதான் தலையா? என் கழுத்துமேல இருக்கறது என்ன, பூசணிக்காயா?" என்பாள்.

எனக்கு எரிச்சலாக வரும். கெட்ட பழக்கம் இல்லாத புருஷன் கிடைத்தும் ஒருத்திக்கு இப்படி ஒரு புழுக்கமா? என் வீட்டுக்காரர் குடிக்க மாட்டேன் என்று என் தலையில் அடித்துச் செய்த சத்தியத்துக்குக் கணக்கே இல்லை. என் முடி கொட்டுவதே அதனால்தான் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. உனக்காவது பண்றாரே என்றாள்.

அவளும் கேட்காமலில்லை. சீக்கிரம் வருவீங்களா, கோபப்பட மாட்டீங்களா என்று எதையாவது சாக்கு வைத்துத் தலையை நீட்டுவாள். சொன்னால் செய்வேன், சத்தியம் எதற்கு என்று அவர் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். அதைப் பார்த்தால் இவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

கடைசியில் ஒரு கிறுக்கு யோசனை பிடித்தாள். அவரை ஒரே ஒரு சிகரெட் பிடிக்க வைத்துவிட்டால் மூத்தவளுக்குச் செய்த சத்தியம் தீர்ந்தது. அப்புறம் அதை நிறுத்தச் சொல்லித் தன் தலையில் புதுச் சத்தியம் வாங்கிக்கொள்ளலாம். வேண்டாம் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே? பெட்டிக்கடையில் ஒரு பாக்கெட் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை அவர் சாப்பிட்டு எழுந்ததும் தீப்பெட்டியோடு முன்னால் வைத்துவிட்டாள். எனக்காக ஒன்றே ஒன்று என்று கெஞ்சவும் செய்தாளாம்.

அவர் பாக்கெட்டையும் தீப்பெட்டியையும் ஒதுக்கி வைத்தாராம். பிறகு சொன்னாராம்:

"அவ தலையில கை வச்ச மறுநாளே கடையில ஒளிஞ்சு பிடிச்சேன். மிட்டாயை மென்னுட்டு வீட்டுக்கு வருவேன். அந்த மாசமே அவ போயிட்டா. அதுக்கப்புறம்தான் விட்டேன். அந்தக் கையை உன் தலையில வைக்கச் சொல்றியா?"

மறுநாள் கடையில் இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. காய்ச்சலுக்கும் சத்தியத்துக்கும் என்னடி சம்பந்தம் என்று கேட்டேன். சம்பந்தம் இல்லை என்பது அவளுக்கும் தெரியுமாம்.

"அவருக்குத் தெரியலையே. என் தலைக்கு ஒண்ணும் ஆகிடக் கூடாதுன்னு பயப்படுறாருடி" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோத்தாள். மூத்தவளைப் பற்றி அன்று ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்குத்தான் அன்றைக்குத் தையல் ஓடவில்லை. ஒரே காலரைத் திரும்பத் திரும்பப் பிரித்துத் தைத்தேன். அவளைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வாசலிலேயே அசடு வழிய நின்றார். இன்றோடு சரி, உன் தலைமேல் சத்தியம் என்று வழக்கம்போலக் கையை நீட்டிக்கொண்டு வந்தார். அந்த முகத்தில் பயத்தைத் தேடினேன். மருந்துக்கும் இல்லை. தலையை இழுத்துக்கொண்டேன்.