சரோஜா திருப்பிக் கொடுத்த பொட்டலம்

அரசாங்க மானியத்துக்கு விண்ணப்பம் எழுதுவதும் ஒரு தொழில்தான். அதில் சம்பளம் வராது, இடுப்புவலி வரும். கட்டம் கட்டமாகப் படிவம் நிரப்பி, அது திரும்பி வந்து நொந்தவர்களே, நீங்கள் என் இனம். எண்பதுகளில் தோ பாயோ வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், அறிவு வளர்ச்சி குன்றிய பெரியவர்களுக்கான பகல்நேரப் பட்டறை ஒன்றை நடத்திவந்தேன். டீச்சர், கணக்கெழுதும் கிராணி, சமையற்காரி எல்லாம் நானே. நாங்கள் கேட்டது ஒரே ஒரு வேன்.

எட்டாம் கட்டம்

படிவத்தின் எட்டாம் கட்டம், ‘எத்தனை மாதத்தில் குணமாவார்கள்?’ என்று கேட்டது. இதென்ன காய்ச்சலா, மாத்திரை கொடுத்து இறக்க? ‘குணமாக மாட்டார்கள், கற்றுக்கொள்வார்கள்’ என்று எழுதினேன். படிவம் போன வேகத்தில் திரும்பி வந்தது. நேரில் போய்ச் சண்டை போட்டேன். கவுண்டரில் இருந்த தமிழ்ப் பெண் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

“நீங்க சொல்றது புரியுது டீச்சர். ஆனா அந்தக் கட்டத்துல ஒரு நம்பர் வேணும் லா.”

கிராஞ்சிப் பயணம்

சரோஜாவுக்கு இருபத்தாறு வயது. அவள் அம்மாவுக்கு ஊரின் ஒதுக்குப்புறமான கிராஞ்சியில் ஒரு பூச்செடிப் பண்ணையில் வேலை. அங்கே பஸ் எப்போதாவதுதான் வரும். தேவாலயத்தில் கெஞ்சி இரவல் வாங்கிய வேனில்தான் சரோஜாவை அழைத்துவந்தோம். இப்போது தேவாலயத்தாருக்கே வேன் தேவைப்பட்டது. அடுத்த மாதம் திருப்பித் தர வேண்டும். அதைச் சொல்லத்தான் போனேன். அம்மா செடிகளுக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்தவில்லை.

“முன்னெல்லாம் வேலைக்குப் போறப்ப இவளை உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போவேன் டீச்சர். மறுபடி அந்தப் பூட்டை எடுக்க வெச்சுடாதீங்க.”

அதிகாரி வந்த நாள்

அந்தப் பூட்டு என் மனதை அறுத்தது. எட்டாம் கட்டத்தில் பன்னிரண்டு என்று போட்டு அனுப்பிவிட்டேன். ஒரு வாரத்தில் நடேசன் என்ற அதிகாரி பார்வையிட வந்தார். “பன்னிரண்டு மாசத்துல குணமாயிடுவாங்கன்னா வேன் எதுக்கு டீச்சர்?” என்றார். நான் கோப்பைத் தேடுவதுபோல் மேசையைக் குடைந்தேன். பதிலுக்குக் காத்தபடி சரோஜாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

எங்கள் பட்டறையில் உட்கார்ந்தால் வேலை செய்ய வேண்டும். சாப்பாட்டுக் கடைகளுக்குக் கரண்டிப் பொட்டலம் போடுவதுதான் அந்த வேலை. சரோஜா அவர் முன்னால் ஒரு பலகையைத் தள்ளினாள். அதில் கரண்டி, முள்கரண்டி, கை துடைக்கும் காகிதத் துண்டு, குட்டிச் சீனிப் பாக்கெட் என நான்கு படங்கள். பொருளைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்துப் பிறகு பையில் போட வேண்டும். எண்ணத் தெரியாதவர்களுக்கு நாங்கள் செய்த ஏற்பாடு. நடேசன் பலகையைக் கண்டுகொள்ளாமல் பேசிக்கொண்டே பையை நிரப்பினார். சரோஜா அதைப் பிரித்துப் படங்களின் மேல் அடுக்கினாள். சீனிப் படம் மூடப்படாமல் கிடந்தது. திருப்பிக் கொடுத்தாள். அடுத்த பையில் காகிதத் துண்டு இல்லை. அதுவும் திரும்பி வந்தது.

“இதைக் கத்துக்க இவங்களுக்கு எவ்வளவு நாள் ஆச்சு?” என்றார். “பதினோரு மாசம் சார். ஒரு மாசம் வீட்டுல இருந்தா மறந்துடும்” என்று உண்மையைச் சொன்னேன். நடேசன் படிவத்தை எடுத்து என் பன்னிரண்டைக் கோடிட்டு அடித்தார். நான் பயந்துபோய், தேநீர் குடிக்க அழைத்தேன்.

“இருங்க டீச்சர். வேனுக்கு எழுதிக் கொடுத்துடறேன். முதல்ல இதை முடிக்கணும், இவங்க என்னை எழுந்திருக்க விட மாட்டேங்கிறாங்க.”

நான் எழுதிய கடிதங்கள் ஒரு கோப்பு நிறைய இருந்தன. வேன் வந்ததென்னவோ சரோஜா விடாமல் தேடிய சீனியால்தான்.