யாரு வரல?

சென்னையில் என் மகன் வீட்டுக் கூடத்தில் புதன்கிழமைதோறும் சாயங்காலம் ஒரு ஜெபக்கூட்டம் நடக்கிறது. ஜெபக்கூட்டம் என்று சொன்னால் மருமகளுக்குப் பிடிக்காது, ‘ஃபெலோஷிப்’ என்று சொல்ல வேண்டும். சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஜமுக்காளம் விரிப்பாள். ஆபீஸ் அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றக்கூட நேரமில்லாமல் பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். ஒரு பையன் கிட்டார் வாசிப்பான். அங்கியும் கிடையாது, பிரசங்க மேடையும் கிடையாது, யாருக்கு என்ன தோன்றுகிறதோ பேசலாம். முடிந்ததும் டீயும் சுண்டலும் உண்டு.

“சபைன்னா கட்டடம் இல்ல அத்தை, ஆளுங்கதான். இது ஒரு புது மாதிரி” என்றாள் மருமகள் ஒரு நாள்.

புது மாதிரியாம்! எனக்குக் காது மடல் சுட்டது. எழுபத்தைந்து தாண்டியவளுக்கு என்ன பொறாமை என்று நீங்கள் சிரிக்கலாம். மூட்டு தேய்கிற அளவுக்குப் பொறாமை தேய்வதில்லை, அனுபவத்தில் சொல்கிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் அந்தக் கூட்டத்துப் பெண் ஒருத்தி ஊருக்குப் போய்த் திரும்பும்போது ஒரு பெட்டி மாம்பழம் கொண்டுவந்தாள். கும்பகோணம் பக்கத்துப் பெண். பெட்டியைத் திறந்தால் பழத்துக்கு நடுநடுவே வைக்கோல். எல்லோரும் பழத்தை எடுத்தார்கள். நான் ஒரு கைப்பிடி வைக்கோலை எடுத்து முகர்ந்துகொண்டே என் அறைக்கு வந்துவிட்டேன். வைக்கோல் வாசனை வந்தால் எனக்குத் தலை அரிக்கும். அதற்கு ஒரு கதை இருக்கிறது, சொல்கிறேன்.

ஆட்சி மாறியிருந்த புதிது. திருவாரூருக்குக் கிழக்கே எங்கள் ஊர். கடைத்தெருவில் கருப்பு சிவப்புக் கொடி, வயல்வெளியில் செங்கொடி. கூலி நெல் கூட்டிக் கேட்டு எங்கள் தெருக்காரர்கள் அறுவடையில் இறங்காமல் நின்றார்கள். மிராசுதார்கள் வெளியூரிலிருந்து ஆள் இறக்கினார்கள். எங்கள் தெரு என்றால் ஊருக்கு வெளியே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். மூன்று தலைமுறையாக வேதக்காரர்கள், அதற்கு முன்னாலிருந்தே பண்ணையாட்கள். அந்தத் தெருவில் முதன்முதலாகப் படித்து டீச்சரானவள் நான்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை. பள்ளி வளாகத்திலேயே எனக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். அம்மா தெருவிலேயே இருந்தாள், நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டு.

டீச்சரானதும் கோயிலில் எனக்கு ஆர்மோனியம் கிடைத்தது. மாதா கோயில் இல்லை, எங்களுடையது சிலுவை மட்டும் வைத்த கோயில். எங்கள் சபையில் போதகரை ‘ஐயர்’ என்றுதான் சொல்வோம், வெளியூர்க்காரர்கள் குழம்புவார்கள். முன்னால் பெஞ்சுகள், பின்னால் பாய். பெஞ்சில் ஆபீஸ் உத்தியோகக்காரர்கள், வாத்தியார்கள். பாயில் எங்கள் தெரு. யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை, அவரவருக்குத் தன் இடம் தெரியும். ஆர்மோனியத்தின் பக்கத்தில் முதல் பெஞ்சில் எனக்கு இடம் வந்தபோது நான் திரும்பிப் பார்க்காமல் போய் உட்கார்ந்தேன். திரும்பிப் பார்த்தால் கடைசிப் பாயில் அம்மா தெரிவாள். அதனால் பார்ப்பதில்லை. இருபத்திரண்டு வயதில் என் வீரம் அவ்வளவுதான்.

அந்தத் தை மாதத்தில் தெரு ஆட்களைப் போலீஸ் வேன் அள்ளிக்கொண்டு போகத் தொடங்கியது. வயலுக்குப் போன ஆள் வீடு திரும்புவானா என்று சொல்ல முடியாது. கிழக்கே ஓர் ஊரில் குடிசையோடு சேர்த்து மனிதர்களைக் கொளுத்திய சேதி வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அதனால் தெருவில் ஒரு பழக்கம் வந்தது. பொழுது சாயும்போது எல்லோரும் வாய்க்கால் கரைப் புறம்போக்குக் களத்தில் கூடுவார்கள். நடவு ஆட்களுக்குத் தலைவியாக இருந்த ராக்காயி, ஞானஸ்நானப் பெயர் ராகேல் என்றாலும் அந்தப் பெயரில் கூப்பிட்டால் அவளே திரும்ப மாட்டாள், நடுவில் நின்று கேட்பாள்: “யாரு வரல?”

வராதவர் பெயரைச் சொல்வார்கள். உடனே ஒருவர் தேடிக் கிளம்புவார். பெரும்பாலும் சைக்கிள் கடை வேலாயுதம்தான், அவரிடம்தானே சைக்கிள் இருந்தது. கருப்புச் சட்டைக்காரர், கடவுள் இல்லை என்று கடை வாசலில் எழுதியே போட்டிருந்தார். அவர் போய்ப் பார்த்துவிட்டு வரும்வரை சும்மா இருக்க முடியுமா? பயத்தில் யாராவது ஒரு ஜெபம் சொல்வார்கள். யாராவது நடவு மெட்டில் வேதாகமத்துச் சங்கீதம் ஒன்றை இழுப்பார்கள். கஞ்சிப் பானை வந்துவிடும். பக்கத்துத் தெரு மாரியம்மன் பக்தர்களும் வந்து உட்கார்ந்தார்கள், அவர்கள் வீட்டு ஆட்களும்தானே வரவில்லை. சபை தொடங்க வேண்டும் என்று அங்கே யாரும் நினைக்கவில்லை. கேஸ், கைது எல்லாம் கொஞ்சம் ஓய்ந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூடுவது நிற்கவில்லை.

இங்கே கோயிலில் பாய் காலியானது. பிறகு என் பாடகர் குழு காலியானது. நான் ஒரு வருஷம் பாடுபட்டு நான்கு குரலில் பாடப் பழக்கிய பெண்கள். “வாய்க்காமேட்டுல நல்லாருக்கு டீச்சர், நீங்களும் வாங்களேன்” என்று என்னையே கூப்பிட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. ராக்காயிக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவும் வராது. சின்ன வயதில் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள், நான் டீச்சரானதும் “டீச்சரம்மா” என்று கும்பிடு போட்டுத் தள்ளி நின்றவள். அவளுக்கா இத்தனை கூட்டம்?

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் பாயில் இல்லை. எப்படித் தெரியும் என்கிறீர்களா? அன்றைக்குத் திரும்பிப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் களத்துக்குப் போனேன். நேரே போய் உட்கார கௌரவம் விடுமா? களத்தோரம் ஒரு வைக்கோல் போர் இருந்தது, அதன் பின்னால் போய் நின்றுகொண்டேன். புதுப் போர். சேலை, தலை, காது எல்லாம் சுணை. சொறியவும் முடியாமல் நான் நின்ற நிலையை யாராவது பார்த்திருந்தால் பள்ளிக்கூடத்தில் மானம் போயிருக்கும்.

ராக்காயி வழக்கம்போலக் கேட்டாள். “யாரு வரல?”

“எம் மவ வரல” என்றது ஒரு குரல். என் அம்மா.

கோயிலில் ஐயர் ஜெபிப்பார், நாங்கள் ஆமென் சொல்வோம். அம்மா நாலு பேர் நடுவில் வாய் திறந்து நான் அதுவரை கேட்டதில்லை.

“அது கோயில்ல இருக்கும்க்கா” என்றாள் ஒருத்தி.

“அங்க இருந்தா இங்க வந்ததா ஆயிடுமா? வாராவாரம் கோயில்ல அவ முதுகத்தான் பாக்குறேன். மூஞ்சியப் பாத்து நாளாச்சு.”

யாரும் சிரிக்கவில்லை. வேலாயுதம் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அவர்கள் காத்திருந்தார்கள். எனக்காக! ஆளைப் பத்து அடி தூரத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். வேலாயுதம் திரும்பி வந்து, “டீச்சர் ரூம் பூட்டிக் கெடக்கு. கோயில்லயும் இல்ல. வழியில யாரும் பாக்கலயாம்” என்றார்.

அம்மா “ஐயோ” என்றாள். அந்த வருஷத்தில் ‘வழியில யாரும் பாக்கல’ என்பதற்கு வேறு அர்த்தம். நாற்பது பேரும் எழுந்துவிட்டார்கள். ஆம்பளைகள் கழியைத் தேடினார்கள், ஒருவர் வாய்க்கால் பக்கம் ஓடினார். இனிமேல் எப்படி ஒளிந்திருப்பது? தலையெல்லாம் வைக்கோலோடு வெளியே வந்து நின்றேன். “வைக்கோல் பாக்க வந்தேன்” என்றேன். டீச்சருக்கு எதற்கு வைக்கோல்? மாடா கன்றா?

ராக்காயி பக்கத்தில் வந்தாள். என் தலையிலிருந்து ஒவ்வொரு வைக்கோலாக எடுத்தாள். “வந்துட்டியா பாப்பா? உக்காரு. எல்லாரும் உக்காருங்க, ஆரம்பிக்கலாம்” என்றாள். டீச்சரம்மா போய்ப் பாப்பா வந்திருந்தது. அம்மா நகர்ந்து இடம் விட்டாள். அவள் தோளும் என் தோளும் ஒட்டியபடி நடவு மெட்டில் ஒரு சங்கீதம் பாடினோம். வேலாயுதம் பாடவில்லை, கஞ்சிக்குத் துவையல் அரைத்துக்கொண்டிருந்தார். அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படி எங்கேயும் உட்கார்ந்ததில்லை.

அதோடு என் பொறாமை தீர்ந்திருக்க வேண்டும் இல்லையா? இரண்டு மடங்காகிவிட்டது. இவ்வளவு நாளாக இதையா இவர்கள் நான் இல்லாமல் அனுபவித்தார்கள்? வாரம் ஒருமுறை போய் ஓரமாக உட்கார்ந்தால் எனக்குப் போதாது. அது என்னுடையதாக வேண்டும். என் ஆர்மோனியம் அங்கே ஒலிக்க வேண்டும், என்னைப் பார்த்துப் பாட வேண்டும்.

ஐயரிடம் போனேன். “பாவம், வெயில்லயும் மழையிலயும் உக்காருதுங்க, ஒரு கூரை போட்டுக் குடுத்தா கிளைச்சபையா ஆக்கிடலாம்” என்றேன். அவருக்கும் ஆட்கள் போன கவலை. மேலிடத்துக்கு மனு எழுதினேன், என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். மனுவில் பொய் ஒன்றுமில்லை. எழுதியவள் மனசுதான் பொய்.

ஆடி பிறப்பதற்குள் களத்தில் ஓட்டுக் கூரையோடு கட்டடம் எழும்பியது. ராக்காயி சந்தோஷமாகத்தான் மண் சுமந்தாள். ஒன்றே ஒன்று கேட்டாள். “கூர நல்லதுதான் பாப்பா. கதவு மட்டும் வேணாமே.”

“கதவில்லாம எப்படி? ஆர்மோனியம் இருக்கே உள்ள” என்றேன்.

அவள் மண் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். கதவு வந்தது, பூட்டு வந்தது, சாவி என் இடுப்பில்.

முதல் ஆராதனை. மணி அடித்தார்கள். சரியாக ஐந்துக்கு ஐயர் ஞானப்பாட்டு எண்ணைச் சொன்னார். எல்லோருக்கும் பெஞ்சு போட்டாயிற்று. நான் துருத்தியில் கை வைத்தபோது பின்னாலிருந்து ராக்காயியின் குரல். “யாரு வரல?”

ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் ராக்காயியைப் பார்த்துத் தலையை ஆட்டினேன், அப்புறம் ஆகட்டும் என்று.

“வேலாயுதம் வரல” என்றாள் அவள்.

நான் ஆர்மோனியத்தை அழுத்தினேன்.

வேலாயுதம் எங்கேயும் போகவில்லை. வாசலுக்கு எதிரே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோயில் கட்டடத்துக்குள் நுழைவதில்லை என்பது அவர் கொள்கை, களத்துக்கு அந்தக் கொள்கை தேவைப்படவில்லை. முதல் சரணம் முடிவதற்குள் ராக்காயி எழுந்து அவரிடம் போனாள். இரண்டாம் சரணத்தில் இன்னும் நாலு பேர். பிறகு வரிசை வரிசையாக. வெளியே மிச்சமிருந்த களத்தில் அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கோபமாகப் போகவில்லை, கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டுத்தான் போனார்கள். நான் பாட்டை நிறுத்தியிருக்கலாம். நான்கு சரணத்தையும் வாசித்து முடித்தேன்.

அம்மா போகவில்லை. எழுந்து முன்னால் வந்து, முதல் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. அவள் பாடவில்லை. ஜெபிக்கவும் இல்லை. சாகும்வரை கோயிலில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள், ஒரு நாளும் வாய் திறக்கவில்லை.

வெளியே உட்கார்ந்தவர்கள் இரண்டு போகம்வரை உட்கார்ந்தார்கள். ஆராதனை நேரத்தில் வாசலில் தனிக்கூட்டம் கூடாது என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. கூலி பேசி முடிந்தது, பயம் போனது, அதனால் கூடுவதும் நின்றுபோனது என்று ஊரில் சொல்வார்கள். எனக்குத் தெரியும், அது கதவினால் நின்றது. நாய் பெற்ற தெங்கம்பழம் போல அந்தக் கட்டடத்தையும் ஆர்மோனியத்தையும் நான் பல வருஷம் பூட்டித் திறந்துகொண்டிருந்தேன். போன பொங்கலுக்குப் பார்த்தபோது கட்டடம் இடிந்து கிடந்தது. களம் இருந்த இடம் தெரியவில்லை. இப்போது அறுவடை மிஷின் வயலிலேயே நெல்லைப் பிரித்துவிடுகிறது, களம் யாருக்கு வேண்டும்? ராக்காயி இல்லை, வேலாயுதம் இல்லை, அந்தத் தெருவிலேயே பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் திருப்பூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள்.

மாம்பழம் வந்த அன்று இதையெல்லாம் மருமகளிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. அவர்களுக்கு நடுவில் சிரிப்பும் பாட்டுமாக இருக்கும்போது எனக்கு இன்னும் வயிறு எரிகிறது, அதை எப்படிச் சொல்வது? நல்ல பிள்ளைகள்தான். என்னையும் இழுத்து வைத்துக்கொள்வார்கள். நானும் புதன்கிழமை தவறாமல் ஜமுக்காளத்து ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன்.

போன புதன் மூட்டுவலி. எழுந்திருக்க முடியவில்லை. அறையில் விளக்கைப் போடாமல் படுத்திருந்தேன். ஒவ்வொருவராக வந்து செருப்பைக் கழற்றும் சத்தம், டீ கிளாஸ் சத்தம் எல்லாம் கேட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் அந்தக் கைப்பிடி வைக்கோல் இருந்தது. காதைத் தீட்டி வைத்துக்கொண்டு, யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு சரியாக ஏழு மணிக்குத் தொடங்கியது.