பத்தொன்பது இதழும் ஒரு பைண்டிங்கும்

அம்மாவின் மேல் எனக்கு இருக்கும் கோபங்களில் பெரும்பாலானவை வயதாகி உதிர்ந்துவிட்டன. இந்த ஒன்று மட்டும் இன்னும் கெட்டியாக இருக்கிறது.

ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். எனக்குப் பதினோரு வயது. மாதம் இரண்டு முறை வரும் ஒரு சித்திரக்கதைப் பத்திரிகையில் பத்தொன்பது இதழ்கள் வைத்திருந்தேன். வைத்திருந்தேன் என்பதுதான் சரியான சொல், படித்தேன் என்று சொல்ல முடியாது. முழுதாக விரித்தால் முதுகில் வெள்ளைக் கோடு விழுந்துவிடும் என்று, பாதி திறந்து ஓரக்கண்ணால் படம் பார்த்ததோடு சரி. டிரங்குப் பெட்டியில் வேப்பிலை போட்டு, பிளாஸ்டிக் உறையில் வைத்துப் பூட்டியிருந்தேன். யாரும் தொடக் கூடாது, அம்மா உட்பட.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம் மாற்றிக்கொள்வதற்கு ஒரு கணக்கு இருந்தது. அட்டை மொடமொடவென்று இருந்தால் ஃபர்ஸ்ட் கிளாஸ். ஸ்டேப்பிள் பின் துருப்பிடித்திருந்தால் செகண்ட் கிளாஸ். பேனாவால் பெயர் எழுதியிருந்தால், குறுக்கெழுத்தை நிரப்பியிருந்தால், வெறும் பாஸ். அட்டை இல்லாவிட்டால் யார் சிபாரிசு செய்தாலும் ஃபெயில். இதில் கடைசித் தீர்ப்பு சேக்காட்டு அண்ணனுடையது. பக்கத்து ஊரான சேக்காட்டிலிருந்து வந்து ஐ.டி.ஐ.யில் படித்துக்கொண்டிருந்தவர். புத்தகத்தைக் கையில் வாங்கும் முன் வேட்டியில் கையைத் துடைத்துக்கொள்வார், பிறகு மோந்து பார்ப்பார்.

அவரிடம் ஒரு தீபாவளி மலர் இருந்தது. குவார்ட்டர்ஸில் ஒருவரிடமும் கிடையாது. என் பத்தொன்பதும் ஃபர்ஸ்ட் கிளாஸ் என்றால் மலரைத் தருவதாகச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவதாக ஏற்பாடு. அந்த வாரம் முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தால், கட்டிலின் மேல் சிவப்புக் காலிகோத் துணி முதுகோடு ஒரு தடிப் புத்தகம். அம்மா பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றாள்.

குவார்ட்டர்ஸ் பெண்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான் அது. வாரப் பத்திரிகைகளில் வரும் தொடர்கதையைப் பக்கம் பக்கமாக உருவி, சேர்த்து, பைண்டிங் செய்து வைப்பார்கள். அந்த உபகாரத்தை அம்மா எனக்கும் செய்துவிட்டாள். பின்னையெல்லாம் பிடுங்கி, தொடராக வந்த கதையை மட்டும் உருவி, மார்க்கெட் பைண்டரிடம் கொடுத்து, ஓரம் நேராக இருக்கட்டும் என்று மூன்று பக்கமும் அறுக்கவும் சொல்லியிருக்கிறாள்.

“வெளம்பரம், விடுகதை, குப்பையெல்லாம் எடுத்தாச்சு. இனிமே தடங்கலில்லாமப் படிக்கலாம் பாரு.”

“அட்டையெல்லாம் எங்கம்மா?”

“நல்ல வழவழப்பான தாளு. வீணாக்குவேனா?” என்று சமையலறையைக் காட்டினாள்.

அலமாரித் தட்டுகளில் விரித்திருந்தாள். பத்தொன்பது அட்டைகளின் மேலும் கடுகு டப்பாவும் மிளகாய்த்தூள் டப்பாவும் நல்லெண்ணெய்ப் புட்டியும் உட்கார்ந்திருந்தன. புட்டியைத் தூக்கினேன். அட்டையில் வட்டமாக எண்ணெய். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு மாமி ஓடி வந்து, யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். பூட்டிய பெட்டியின் சாவி தன்னிடமும் ஒன்று இருப்பதை அம்மா ஒரு வருத்தமும் இல்லாமல் ஒப்புக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சேக்காட்டு அண்ணன் வந்தார். வேறு வழியில்லாமல் அந்தத் தடிப் புத்தகத்தை நீட்டினேன். துடைத்த கையோடு வாங்கியவர் மோந்துகூடப் பார்க்காமல் என்னைக் கேட்டார்.

“இன்னாம்மா இது? அட்டை கீதா? இல்ல. பின்னு கீதா? அதுவும் இல்ல. ஓரத்த வேற அறுத்து வச்சிகினு கீறீங்க. இது ஃபெயிலுக்கும் கீழம்மா.”

அம்மா காபி டம்ளரோடு வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் காபியைக் குடித்துவிட்டு, மலரைப் பையைவிட்டு வெளியே எடுக்காமலே போய்விட்டார்.

ஆத்திரத்தில் பேனாவை எடுத்து, முதல் பக்கத்தில், படத்தின் குறுக்கே, ஃபெயில் என்று பெரிதாக எழுதினேன். புத்தகத்தை அம்மாவின் மடியில் எறிந்தேன். “உனக்கு ஒண்ணும் தெரியாது. எதுக்கு என் பெட்டியத் தொட்ட?”

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் பக்கங்களைப் புரட்டிக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள்.

“சரி, கப்பல்ல தொலைஞ்சு போன அந்தத் தங்கச்சி கடைசியில கெடைச்சாளா? பத்தொன்பதோட நிக்குதே.”

எந்தத் தங்கச்சி என்றே எனக்குத் தெரியவில்லை. கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து, இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

பின்னாளில்தான் புரிந்தது: எல்லா மதியங்களிலும், அப்பா ஷிஃப்டிலும் நான் பள்ளிக்கூடத்திலும் இருந்தபோது, அவள் பெட்டியைத் திறந்து ஒவ்வோர் இதழாகப் படித்திருக்கிறாள். அந்தக் கதையைப் பற்றிப் பேச அவளுக்கு என்னைத் தவிர ஆள் கிடையாது என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.