சண்டை அக்காவுக்கு, பேச்சு எனக்கு

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது, பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியில் கொடுத்த லேப்டாப்பும் என்னோடு வந்தது. பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. சுவரில் செருகினால்தான் அதற்கு உயிர். புது விளையாட்டு எதுவும் அதில் ஓடாது. அதனால் கல்லூரிக் காலத்திலிருந்தே நான் ஆடியதெல்லாம் பழைய ரோல்-பிளேயிங் கேம்கள்தான். நாலு பேர் கூட்டமாகக் கிளம்பி ஊர் ஊராகப் போவார்கள். எதிர்ப்படுகிறவர்களோடு பேசுவார்கள். வழியில் பூதமோ கொள்ளையனோ மறித்தால் ஆளுக்கொரு முறை வைத்து அடிப்பார்கள். பேச்சு பாதி, சண்டை பாதி. எனக்குப் பேச்சுதான் பிடிக்கும். சண்டை வந்தால் ‘ஓடு’ என்பதை அழுத்திவிடுவேன்.

என் கணவருக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமை வந்து திங்கள் விடிகாலையில் பஸ் ஏறிவிடுவார். மற்ற நாட்களில் வீட்டில் அவருடைய அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், நான். என் ஓரகத்தியை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட ஏழு வயது மூத்தவர், பத்தாவது வரை படித்தவர். கம்பைநல்லூர் பக்கத்தில் எங்கள் நிலத்தில் பாதி மல்பெரி. பட்டுப்புழு வளர்ப்பு முழுக்க அவர் கையில். நான் அரசுத் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று அறைக்குள் இருந்தேன். படித்தேன்தான். மதியத்தில் கொஞ்ச நேரம் விளையாடவும் செய்தேன், அது அவருக்குத் தெரியும். முதல் எட்டு மாதத்தில் சோறு, தண்ணீர், தழை என்ற மூன்றைத் தாண்டி நாங்கள் அதிகம் பேசியிருக்க மாட்டோம்.

ஒரு நாள், கூலிக்கு வருகிறவர்கள் வரவில்லை. புழு பெரிதாகித் தின்றுகொண்டே இருக்கிற பருவம். அக்கா என் அறை வாசலில் வந்து நின்றார்.

“பொட்டிய மூடி வெச்சுட்டு வா பாப்பா. தழ வெட்டணும்.”

நான் ஒரு பாலத்தில் நின்ற பூதத்திடம் நாலாவது நாளாக அடி வாங்கிக்கொண்டிருந்தேன். வெட்கத்தோடு மூடப் போனேன். அவர் வாசலை விட்டு நகரவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு, “அந்தக் குள்ளன எதுக்கு முன்னாடி நிறுத்தியிருக்க? ஒரே அடியில போயிருவான்” என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் குள்ளன் போய்விட்டான்.

தழை வெட்டும்போது அவர் கேட்டுக்கொண்டே வந்தார். யாருக்கு எவ்வளவு தெம்பு, மருந்து யார் கொடுப்பது, பூதம் எத்தனை அடிக்கு ஒருமுறை பெரிதாக அடிக்கும். மறுநாள் மதியம், புழுவுக்குத் தழை போட்டுவிட்டுக் கையைத் துடைத்தபடி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குள்ளனைப் பின்னால் அனுப்பி, கேடயக்காரனை முன்னால் நிறுத்தினார். அப்படியும் தோற்றோம்.

“இவங்க இதுக்கு முன்னாடி சண்டையே போட்டதில்லையா?” என்று கேட்டார்.

எல்லாச் சண்டையிலும் நான் ஓடிவந்ததைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. அடுத்த மூன்று மதியங்கள் காட்டுக்குள் ஓநாய்களோடு கழிந்தன. நாலாம் நாள் பூதம் விழுந்தது.

அதற்குப் பிறகு அது ஏற்பாடாகிவிட்டது. சண்டை அவருக்கு, பேச்சு எனக்கு. நான் ஆங்கிலத்தில் வருவதைப் படித்துத் தமிழில் சொல்ல வேண்டும். டிவி சீரியல் ஒன்றுவிடாமல் பார்க்கிறவர், கதை கேட்பார் என்று நினைத்தேன். அவரோ விளையாட்டில் ராஜா வாயைத் திறந்தாலே கொட்டாவி விட்டார். சுருக்கமாகச் சொல் என்பார். நானும் சுருக்கிச் சுருக்கி, கொஞ்சம் வீம்பாகவே, மூன்று பக்கப் பேச்சை “கிழக்கே போகச் சொல்றாருங்க” என்று முடிக்கத் தொடங்கினேன்.

கேடயக்காரன்தான் அக்காவுக்கு எல்லாம். கிடைத்த நல்ல கவசமெல்லாம் அவனுக்குத்தான். ஒரு நாள் மலையடிவாரத்து ஊரில் அவன் கூட்டத்தை விட்டு விலகித் தன் வீட்டுக்குப் போய்விட்டான். கதையில் அப்படித்தான் இருந்தது. நாங்கள் எதை அழுத்தினாலும் அவன் திரும்பவில்லை.

“போறவன் கவசத்தையாவது கழட்டிக் குடுத்துட்டுப் போகச் சொல்லு” என்றார் அக்கா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் என் அறைப் பக்கமே வரவில்லை.

மூன்றாம் நாள், பாத்திரம் கழுவும்போது கேட்டார்.

“அவன் போயிருவேன்னு முன்னாடியே சொன்னானா?”

“சொன்னான்க்கா. மூணு எடத்துல.”

“எனக்கு நீ சொல்லல.”

அவர்தான் சுருக்கச் சொன்னார் என்று பதில் சொல்லியிருக்கலாம். நாக்கு வரை வந்தது. ஆனால் அவன் அப்பா கண் தெரியாமல் தனியாக இருப்பதும், ஒவ்வொரு ஊரிலும் அவன் வீட்டுக்குச் செய்தி அனுப்பியதும் நான் படித்து ரசித்து எனக்குள்ளேயே வைத்துக்கொண்டவை. ஐம்பது சண்டை அவனோடு நின்றவர் அவர். அவருக்கு அவன் வீடு எங்கே என்றுகூடத் தெரியாது.

முதலிலிருந்து மறுபடி ஆரம்பிக்கலாமா என்று கேட்டேன். சரி என்றார். இந்தத் தடவை நான் எதையும் சுருக்கவில்லை. சில சண்டைகளை அவர் என்னிடம் விட்டார், எனக்கும் மெல்லப் பிடிபட்டது. அவன் போகப் போகிறான் என்று தெரிந்தும் அக்கா அவனையே முன்னால் நிறுத்தினார். “இருக்கற வரைக்கும் நல்லா நிக்கட்டும்” என்றார். நல்ல கவசத்தை மட்டும் மருந்து கொடுக்கிற பெண்ணுக்கு மாட்டிவிட்டார்.

அந்த வருஷமும் நான் தேர்வில் தேறவில்லை. முடிவு வந்த அன்று அக்கா டீ போட்டுக்கொண்டு வந்து வைத்தார். பிறகு, நீயே தமிழில் ஒரு விளையாட்டு செய்தால் என்ன, நீ படித்துச் சொல்லும் வரைக்கும் நான் காத்திருக்க வேண்டியதில்லையே என்றார். பி.எஸ்.சி. கம்ப்யூட்டர் படித்தவளுக்கு அது அதுவரை தோன்றவில்லை.

ஒகேனக்கல்லில் இருப்பது மாதிரி ஓர் ஆறு, பரிசல் ஓட்டும் ஒரு பெண், ஏறி உட்காரும் மூன்று பயணிகள். நான் ஆசை ஆசையாக எழுதினேன். மூன்று பேரின் ஊர், உறவு, கண்ணீர் எல்லாம். அக்காவை உட்கார வைத்தேன். அரை மணி நேரம் பட்டனை அழுத்தி அழுத்திப் படித்துவிட்டு, புழுவைப் பார்க்கணும் என்று எழுந்துவிட்டார். “மூணு பேரும் பேசிட்டே இருக்காங்க. யாரு எப்புடின்னு நான் எப்பப் பாக்கறது?”

கோபத்தில் பேச்சையெல்லாம் வெட்டிவிட்டு முதலைகளையும் கொள்ளையர்களையும் கொட்டினேன். அதற்கும் முகம் சுளித்தார். நாலு தடவை துடுப்பு போட விடாமல் மறிக்கிறார்கள், எதற்குப் போகிறோம் என்பதே மறந்துபோகிறது என்றார்.

பல வாரம் மாற்றி மாற்றிப் பார்த்தோம். பேச்சு ஓரிடம், சண்டை ஓரிடம் என்று பிரிக்காமல், சண்டைக்குள்ளேயே ஆளைக் காட்டலாம் என்பது அவர் சொன்னதும் நான் சொன்னதும் கலந்து வந்த யோசனை. பயந்தவர் அடி விழுந்ததும் பரிசலின் மறுபக்கம் ஒதுங்குவார், பரிசல் சாயும். பொய் சொல்கிறவர் மருந்து இல்லை என்பார், தனக்கு அடிபட்டால் எடுப்பார். இதற்கு வசனமே தேவைப்படவில்லை. ஆனால் நடு ஆற்றில் சண்டையே இல்லாத ஒரு நீண்ட பேச்சை மட்டும் நான் வெட்ட மறுத்தேன். அக்கா முணுமுணுத்தார். பிறகு ஒரு மதியம் நான் துணி காயப்போட்டுவிட்டு வந்தபோது, அந்த இடத்தை இரண்டாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தார். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

விளையாட்டை இலவசமாக இணையத்தில் ஏற்றினோம். கொஞ்சம் பேர்தான் ஆடினார்கள். அதைப் பார்த்து பெங்களூரில் ஒரு சிறிய குழு, தங்கள் விளையாட்டுகளுக்குத் தமிழில் வசனம் எழுதித் தர முடியுமா என்று கேட்டது. இப்போது காலையில் அந்த வேலை; தழை போடும் நேரத்தில் நானும் அக்காவோடு புழு வளர்க்கும் மனையில் நிற்கிறேன். என் கணவருக்கு இதில் ஒன்றும் புரியவில்லை, ஆனால் ஓசூரில் கூட வேலை செய்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார்.

இரண்டாவது விளையாட்டைத் தொடங்கிவிட்டோம். மலைப்பாதையில் பழுதாகி நிற்கும் ஒரு லாரியில் கதை ஆரம்பிக்கிறது. டிரைவரும் அவர் மனைவியும் முதலில் பேச வேண்டும் என்கிறேன் நான். யானை முதலில் வர வேண்டும் என்கிறார் அக்கா. நேற்று சாப்பிடும்போதுகூட முடிவாகவில்லை.

“ரெண்டையும் செஞ்சு வையி. ஆடிப் பாத்துட்டுச் சொல்றேன்” என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

யானையை இன்று காலை வரைந்து முடித்தேன். டிரைவரின் மனைவி முதலில் என்ன சொல்வாள் என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.