நிமிராத கையும் மாங்கா பந்தும்

உளுந்து பிடுங்கிய வயலில் வெறுங்காலோடு ஓடினால், மிச்சமிருக்கும் நெல் தாளின் கட்டை உள்ளங்காலைக் குத்தும். வெடிப்புகளிலிருந்து வெந்த களிமண்ணின் வாசனை மேலே வரும். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வரும்வரை திருவாரூர்ப் பக்கத்துப் பையன்களுக்கு அதுதான் கிரிக்கெட் மைதானம். ஆள் சேராத நாட்களில் மேலத்தெருப் பையன்கள் கீழத்தெருக்காரர்களான எங்களையும் சேர்த்துக்கொள்வார்கள். பெரும்பாலும் ஆள் சேராது என்பதால் கோடை முழுக்க எங்களுக்கு ஆட்டம் இருந்தது.

எனக்குப் பந்து போடுவதில் பைத்தியம். ஆனால் என் வலது முழங்கை நிமிராது. கூலி உயர்வு கேட்டு எங்கள் தெரு வேலைக்குப் போகாமல் நின்ற வருடம், அறுப்புக்கு மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். மறிக்கப் போன கூட்டத்தைப் போலீஸ் விரட்டியபோது, குழந்தையாயிருந்த என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிய அம்மா வரப்பில் தடுக்கி விழுந்ததில் என் முழங்கை முறிந்தது. ரோட்டிலெல்லாம் போலீஸ் நின்றதால் ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை. வீட்டிலேயே கட்டுப் போட்டதில் எலும்பு கோணலாகக் கூடிவிட்டது.

மடக்கிய கையை வெடுக்கென்று நிமிர்த்திப் பந்தை எறிந்தால், மரத்து மாங்காயைக் கல்லால் அடிப்பது போலிருக்கும் என்பதால், அதற்கு எங்கள் பக்கம் "மாங்கா" என்று பெயர். மாங்கா பந்தில் அவுட் கிடையாது. என் கை வளைந்தே வருவதால், ஸ்டம்பு விழுந்த மறுகணமே ஆடுகிறவன் "மாங்கா!" என்று கத்துவான், மோகன் நோபால் என்பார். மோகன் மேலத்தெரு மிராசுதார் வீட்டுப் பிள்ளை, கல்லூரி லீவுக்கு வந்தால் அவர்தான் நிரந்தர அம்பயர். விழுந்த ஸ்டம்பை நானே திரும்ப நட்டுவைக்க வேண்டும். எரிச்சல் என்றால் அப்படியொரு எரிச்சல். ஆனாலும் "நீ பீல்டிங் மட்டும் நில்லுடா" என்றால் கேட்கமாட்டேன். பந்து கைக்கு வரும்வரை இடத்தைவிட்டு நகரமாட்டேன்.

ஒரு நாள் மோகனின் தம்பி பாபுவின் நடு ஸ்டம்பைச் சாய்த்தேன். வழக்கம்போல மாங்கா. "இனிமே இவன் பந்தே போடக்கூடாது" என்று பாபு சொல்ல, நான் பந்தைக் கொடுக்க மறுத்து நின்றேன். பக்கத்து வயலில் சிந்திய உளுந்து பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா, மடியை இறுக்கிச் செருகிக்கொண்டு வரப்பேறி வந்தாள்.

"என்ன தப்புன்னு சொல்லுங்க தம்பி" என்றாள் மோகனிடம். எங்கள் தெருப் பெண்கள் அதுவரை "சின்னய்யா" என்றே கூப்பிட்ட பிள்ளை அவர்.

"கையை நிமித்தி எறியறான். அது செல்லாதுங்க" என்றார் மோகன். அந்த "ங்க" அவருக்கே தெரியாமல் வந்திருக்க வேண்டும்.

"நிமித்துறானா? எங்க, நீங்க நிமித்திக் காட்டுங்க. நிமிந்துட்டா இவனை நானே வீட்டுக்கு இழுத்துக்கிட்டுப் போறேன்."

மோகன் என் கையைப் பிடித்து இழுத்தார். வலியில் கண்ணில் தண்ணீர் முட்டியது, பல்லைக் கடித்துக்கொண்டேன். இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். வரவில்லை. பிடியை விடாமலேயே கொஞ்ச நேரம் அந்த முழங்கையைப் பார்த்தார்.

"கை வளைஞ்சிருக்கறது தப்பில்ல. பந்து விடுறப்ப நிமிந்தாத்தான் மாங்கா. இது நிமிரவே இல்லை. பாபு, நீ அவுட்டு" என்று விரலைத் தூக்கினார்.

பாபு பேட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான், பேட் அவனுடையது. நாங்கள் ஒரு தென்னை மட்டையைச் செதுக்கிக்கொண்டு தொடர்ந்தோம். மோகன் போகாமல் நின்று கடைசிவரை அம்பயராக இருந்தார்.

பொழுது சாய்ந்து வீட்டுக்கு வந்ததும், "அவுட் குடுத்துட்டாங்கம்மா!" என்று குதித்தேன்.

"யாரும் குடுக்கல. நாம வாங்குனோம்" என்றாள் அம்மா, உளுந்தைப் புடைத்தபடி.

இன்று அந்த வயலில் மனைக்கல் நட்டுவிட்டார்கள். பையன்கள் வாடகை கட்டி, வலை கட்டிய மைதானத்துக்குள் ஆடுகிறார்கள். மிராசு வீடு பூட்டிக் கிடக்கிறது. "சின்னய்யா" என்றால் யார் என்று என் மகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதில் எனக்குப் பரம சந்தோஷம். அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். போனவற்றில் எதையாவது திரும்பக் கேட்பதென்றால், அவளை மட்டும்தான் கேட்பேன்.