எதிர்வீட்டு ஃபிரிட்ஜ்

மூன்று வருடங்களுக்கு முன்பு, நான் பிளஸ் டூ முடித்த கோடையில் நடந்தது இது. மாரண்டஹள்ளி பக்கம் எங்கள் ஊர். சேலத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் இடம் கிடைத்துவிட்டது. பீஸ் கட்டத்தான் வழியில்லை. கல்விக்கடன் கிடைக்காவிட்டால் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

வருமானம் குறைந்த குடும்பம் என்றால், படித்து முடிக்கும்வரை வட்டியை அரசே கட்டும் என்று போனில் தேடிப் பிடித்தேன். சான்றிதழ்களுக்கு நானே அலைந்தேன். வங்கியில் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, "வீட்டைப் பார்க்க ஆள் வருவாங்க" என்றார்கள்.

அங்கேதான் வந்தது வினை. அப்பா தக்காளி மண்டியில் பெட்டி தூக்குபவர். அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஃபைனான்ஸ்காரர்கள்தான். வாசலில் நின்றபடியே டிவி இருக்கிறதா, வண்டி இருக்கிறதா என்று கண்ணாலேயே எடை போடுகிறவர்கள்.

"ஒண்ணுமில்லாதவனுக்கு எவன் கண்ணு கடன் குடுப்பான்?" என்றார்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. வட்டிச் சலுகையைப் பற்றி அத்தனை படித்த நான், வீட்டைப் பார்க்க வருவதையும் அதையும் சேர்த்து யோசிக்கவே இல்லை. சும்மா இருந்தேனா என்றால் அதுவும் இல்லை. எதை எங்கே வைப்பது என்று திட்டமே போட்டுக் கொடுத்தேன்.

எதிர்வீட்டு அத்தையின் ஃபிரிட்ஜும் சோபாவும் தெருவைத் தாண்டி எங்கள் ஷீட் வீட்டுக்குள் வந்தன. அம்மா கழுத்தில் அத்தையின் சங்கிலி. "என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பகூட எங்க வூட்ல இவ்ளோ ஜோடிக்கலடி" என்று அத்தை சிரித்தார்.

வந்தவர் ஒரு பெண் அதிகாரி. சோபாவில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார். எங்கள் வருமானச் சான்றிதழைப் பார்த்தார். மறுபடியும் ஃபிரிட்ஜைப் பார்த்தார். முகம் மாறியது தெரிந்தது. ஏன் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

"நல்ல வசதியாத்தான் இருக்கீங்க போல?"

"ஆமாங்க மேடம், ஒரு கொறையும் இல்லீங்க" என்றார் அப்பா, நெஞ்சை நிமிர்த்தி.

மேடம் பேனாவை மூடினார். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு அத்தை விறுவிறுவென்று உள்ளே வந்து, ஃபிரிட்ஜைத் திறந்து, மாவுத் தூக்கை எடுத்தார்.

"நீங்க பேசுங்க மேடம். எங்கூட்டுக்காரரு வந்துட்டாரு, தோசை ஊத்தணும். மாவ உள்ளயே வுட்டுட்டேன்."

போகிற போக்கில் அம்மாவிடம், "சங்கிலிக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க அண்ணி" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

அப்பாவின் தலை தொங்கிவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்த மேடம், அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

"ஏனுங்க, வசதியில்லாத பிள்ளைங்களுக்குத்தான இந்தச் சலுகையே? நீங்க மாப்ள வூடு மாதிரி ஜோடிச்சு வெச்சா நான் என்னன்னு எழுதறது? போங்க, எல்லாத்தையும் குடுத்துட்டு வாங்க. நான் இருக்கேன்."

அவர் உட்கார்ந்திருந்த சோபாவும் போனது. பாயில் உட்கார்ந்து அம்மா கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே, "அந்தப் பக்கம் தூக்குங்க, செவுத்துல இடிக்குது பாருங்க" என்று அப்பாவுக்கு வழி சொன்னார். பிறகு வாசலில் எங்கள் மூவரையும் படம் எடுக்க நிறுத்தினார்.

"சட்டை வேர்த்துக் கசங்கிருச்சுங்க, மாத்திட்டு வந்துடறேன்" என்றார் அப்பா.

"வேண்டாங்க. அப்படியே நில்லுங்க."

கடன் கிடைத்தது. இப்போது நான் கடைசி வருடம். வார்டில் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் நேரத்தில் சிலர் தலையை வாரிக்கொண்டு, கஷ்டப்பட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, "நல்லாருக்கேனுங்க" என்பார்கள். உடனே எனக்கு அந்த ஃபிரிட்ஜ் ஞாபகத்துக்கு வந்துவிடும். டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்வதற்குள் குனிந்து, "இருக்கறத அப்படியே சொல்லுங்க, எங்க வலிக்குது?" என்று கேட்டுவிடுவேன்.